கவுண்டி கோர்ட் ஃபைல் கைக்கு வரவில்லையா? தொல்லையைப் பார்த்து வழி தேடுங்கள்

வழக்கு நடந்தது நிச்சயம், தீர்ப்பு வந்ததும் நிச்சயம். ஆனால் கோர்ட் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் வெறும் பக்கம். போன் செய்தால் "எங்களிடம் இல்லை" என்று வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த ஃபைல் தேவைப்படுவதும் எப்போதும் அவசரத்தில்தான்: மறுமணம், வீட்டுக் கடன், கிரீன் கார்டு நேர்காணல், ஊரில் இழுத்துக்கொண்டிருக்கும் குடும்ப வழக்கு.

ஒரு வக்கீல் அலுவலகத்துக்காகக் கோர்ட் கோர்ட்டாகப் போய் ஃபைல் எடுத்துவரும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். கோர்ட் ரன்னர் என்பார்கள். நான் பார்த்தவரை ஃபைல் நிஜமாகவே தொலைந்துபோவது அபூர்வம். தட்டும் கதவு தப்பாக இருப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு வழக்குக் கட்டுக்கும் பொறுப்பான கிளார்க் ஒருவர் உண்டு. அவர் எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), எந்தக் கோர்ட்டில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு விஷயம் முதலிலேயே. சிவில் வழக்கு ஆவணங்கள் பொதுவாக யாரும் பார்க்கக்கூடியவை. நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1978-இல் சொல்லியிருக்கிறது. நம்மூரில் வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் பிரமாணப் பத்திரம் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். இங்கே சாதாரண சிவில் ஃபைலுக்கு "நீங்கள் யார், எதற்கு?" என்று கவுன்ட்டரில் கேட்பதில்லை. அதனால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் ஆர்.டி.ஐ. பழக்கத்தில் தகவல் சுதந்திரச் சட்டத்தைச் சொல்லி மனு எழுதாதீர்கள். அமெரிக்க ஒன்றிய அரசின் அந்தச் சட்டம் நிர்வாகத் துறைகளுக்கானது, கோர்ட்டுகளுக்கு அது பொருந்தாது.

தொல்லை: பெயர் போட்டுத் தேடினால் "பதிவு இல்லை" என்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நான்கு காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில், நீங்கள் தேடுவது மாநிலக் கோர்ட் தளமா, ஃபெடரல் தளமா? கூகுளில் தேடினால் 'பேசர்' என்ற தளம்தான் முன்னால் வந்து நிற்கும். அது ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு மட்டும். திவால் வழக்கு என்றால் அங்கே போகலாம். வாடகைத் தகராறு, கார் விபத்து, கிரெடிட் கார்டு பாக்கி, விவாகரத்து எல்லாம் கவுண்டி அளவில் இருக்கும் மாநிலக் கோர்ட்டில் நடப்பவை. பேசரில் எத்தனை முறை தேடினாலும் அவை வராது.

அடுத்தது, கவுண்டி சரிதானா? நீங்கள் இப்போது இருக்கும் கவுண்டி கணக்கில்லை. பிரதிவாதி அப்போது இருந்த இடம், அல்லது சம்பவம் நடந்த இடம், அதைப் பாருங்கள். தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பவே கூடாது. ஹூஸ்டன் பக்கத்தில் 'கேட்டி' என்று முகவரி இருந்தால் அந்த வீடு ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்ற மூன்று கவுண்டிகளில் எதிலும் இருக்கலாம். நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் என்று தேடினால் புரூக்ளின் கவுண்டி என்று ஒன்று கிடையாது. அது கிங்ஸ் கவுண்டி. ஸ்டேட்டன் ஐலண்ட் ரிச்மண்ட் கவுண்டி, மன்ஹாட்டன்தான் நியூயார்க் கவுண்டி. பால்டிமோர் நகரமும் பால்டிமோர் கவுண்டியும் வேறு வேறு. செயின்ட் லூயிஸ் நகரம் 1876-இலேயே தன் கவுண்டியிலிருந்து பிரிந்துவிட்டது. நகரத்துக்கு ஒரு கோர்ட், கவுண்டிக்குக் கிளேட்டனில் தனிக் கோர்ட். வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை. வீட்டு வரி ரசீது இருந்தால் அதில் கவுண்டி பெயர் சரியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

மூன்றாவது, கவுண்டி சரி, கோர்ட் சரியா? டெக்சஸில் ஒரே கவுண்டியில் மூன்று கதவுகள் உண்டு. 20,000 டாலர் வரையிலான சின்ன வழக்குகள் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டில். கவுண்டி கோர்ட் வழக்குகளின் ஃபைல் பெரும்பாலும் கவுண்டி கிளார்க்கிடம். விவாகரத்தும் பெரிய வழக்குகளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். கவுண்டி கிளார்க் என்ற பெயரைப் பார்த்து எல்லாம் அவரிடம் இருக்கும் என்று நினைத்து விவாகரத்துத் தீர்ப்புக்கு அங்கே போய் வரிசையில் நிற்பவர்களை நான் வாரம் ஒருமுறையாவது பார்த்திருக்கிறேன். கல்யாண லைசென்ஸ் தருவது அவர், விவாகரத்துக் காகிதம் வைத்திருப்பவர் இன்னொருவர்! நியூயார்க்கில் வேறு கூத்து. 'சுப்ரீம் கோர்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது உச்ச நீதிமன்றம் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். அங்கே அதுதான் கவுண்டி தோறும் இருக்கும் விசாரணைக் கோர்ட். நியூயார்க் நகரத்துக்குள் 50,000 டாலர் வரையிலான வழக்கு சிவில் கோர்ட் என்ற தனி இடத்துக்குப் போகும், அங்கே தேடல் பக்கமும் தனி. கலிஃபோர்னியாவில் இந்தத் தலைவலி குறைவு: 58 கவுண்டிக்கும் ஆளுக்கொரு சுப்பீரியர் கோர்ட், எல்லாம் அதற்குள்தான்.

நான்காவது, பெயர். நம் பெயர்கள் அமெரிக்கக் கம்ப்யூட்டருக்குப் பெரிய சோதனை. ஊரில் எஸ். செந்தில்குமார் என்று இருந்தவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி செந்தில்குமார் சுப்பிரமணியன் ஆகியிருப்பார். இன்னொருவருக்குப் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்திருக்கும். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதை அப்படியே ஓட்டுநர் உரிமத்தில் ஏற்றி, அங்கிருந்து கிரெடிட் கார்டுக்காரர் எடுத்து, கடைசியில் 'எஃப்என்யூ செந்தில்குமார்' என்று ஒருவர் மேல் வழக்குப் பதிவாகியிருக்கும். செந்தில்குமார் சுப்பிரமணியன் என்று நீங்கள் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் முதல் நான்கைந்து எழுத்து மட்டும் போட்டு, முதல் பெயரைக் காலியாக விடுங்கள். பிறகு பெயர்களை இடம் மாற்றிப் போடுங்கள், அப்பா பெயர் முன்னால், உங்கள் பெயர் பின்னால். செந்தில் தனி, குமார் தனி என்று உடைத்துப் பாருங்கள். குமார் மட்டும் கடைசிப் பெயராகப் போயிருக்கும். இனிஷியலே கடைசிப் பெயராகப் பதிவானதையும் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலையும் விடாதீர்கள்: கார்த்திக்கில் டி-க்குப் பின்னால் எச் உண்டா, கடைசியில் கே-யா சி-யா, லட்சுமியில் கே-எஸ்-எச்-ஆ, எக்ஸ்-ஆ, மூர்த்தியில் இரண்டு ஓ-வா, ஒரு யூ-வா. பிறந்த தேதி, வழக்கு வகை, வருடம் என்று இருக்கும் வடிகட்டிகளையெல்லாம் முதல் தேடலில் காலியாக விட்டுவிடுங்கள். வடிகட்டி கூடக் கூட, தட்டச்சுப் பிழை உள்ள பதிவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் எதிர்த் தரப்பின் பெயரில் தேடுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி வழக்கில் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்குப் போட்டது உங்கள் வங்கியாக இருக்க வேண்டியதில்லை. பாக்கியை வங்கியிடமிருந்து வாங்கிய வசூல் நிறுவனம் தன் பெயரில் போட்டிருக்கும், அந்தப் பெயரை நீங்கள் கேள்வியே பட்டிருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வந்த பழைய கடிதங்களில் 'தற்போது கடன் பாக்கி வர வேண்டியவர்' (கரன்ட் கிரெடிட்டர்) என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய கோர்ட்டுகளின் தளத்தில் எண் போட்டுத் தேடுவது இலவசம், பெயர் போட்டுத் தேடக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் நியாயமானது, கோர்ட்டுக்கே போகிறது. கோர்ட் தளம் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு மாதச் சந்தா கேட்கும் தனியார் தளங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர்களிடம் இருப்பது எப்போதோ அள்ளிய பட்டியல். சான்றிட்ட நகல் அவர்களால் தரவே முடியாது.

தொல்லை: கேஸ் நம்பர் இருக்கிறது, ஆனால் தளம் ஏற்க மறுக்கிறது

பெரும்பாலும் எண்ணை எழுதும் முறைதான் பிசகு. நியூஜெர்சி எண் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன், மற்ற மாநிலங்களிலும் இதே போலப் படிக்கலாம். எம்ஐடி-எல்-001234-19 என்று காகிதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எம்ஐடி என்பது மிடில்செக்ஸ் கவுண்டி. எடிசன் இருக்கும் கவுண்டி, நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். எல் என்பது லா டிவிஷன், அதாவது பெரிய தொகைக்கான சிவில் வழக்கு. அந்த இடத்தில் டிசி இருந்தால் 20,000 டாலர் வரையிலான ஸ்பெஷல் சிவில், எஸ்சி இருந்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சின்னத் தொகை வழக்கு, எல்டி இருந்தால் வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் வழக்கு. எண்ணே எஃப்எம் என்று தொடங்கினால் விவாகரத்து. 001234 வரிசை எண், 19 என்பது 2019.

இதை மொத்தமாக ஒரே கட்டத்தில் ஒட்டினால் பல தளங்கள் திருதிருவென்று முழிக்கும். கவுண்டி ஒரு கட்டம், வகை ஒரு கட்டம், எண் ஒரு கட்டம், வருடம் ஒரு கட்டம் என்று பிரித்துப் போட வேண்டும். முன்னாலுள்ள பூஜ்யங்களைச் சேர்த்தும் விட்டும் பாருங்கள். நடுவிலுள்ள கோடுகளை எடுத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஓ என்று படித்திருந்தாலும் இதே தொல்லைதான். அப்புறம், கையில் இருப்பது கோர்ட் எண்தானா? வசூல் வக்கீல் அனுப்பும் கடிதத்தின் மேல் மூலையில் இருப்பது அவர் ஆபீஸின் ஃபைல் எண். அதைக் கோர்ட் எண் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

தொல்லை: வழக்கு தெரிகிறது, ஆவணம் திறக்கவில்லை

தளம் கெட்டுப்போகவில்லை. வழக்கில் என்னென்ன தாக்கலானது என்ற பட்டியலுக்கு டாக்கெட் என்று பெயர். அது வெளியே தெரியும், உள்ளே இருக்கும் காகிதம் வீட்டிலிருந்து தெரியாது. பல மாநிலங்கள் வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கின்றன. மேரிலாந்தின் பொதுத் தேடல் தளம் டாக்கெட்டை மட்டும்தான் காட்டும். மிசௌரியில் 2023 ஜூலை 1-க்குப் பிறகு தாக்கலான பொது ஆவணங்களை வீட்டிலிருந்தே திறக்கலாம், அதற்கு முந்தியவற்றுக்கு கோர்ட் கட்டடத்திலுள்ள கம்ப்யூட்டருக்குத்தான் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் குடும்ப வழக்குகளின் காகிதங்களைத் தொலைவிலிருந்து திறக்க பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதே காகிதத்தை கோர்ட்டுக்கு நேரில் போய்ப் பார்க்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பப்ளிக் டெர்மினல் என்று பெயர். ரெக்கார்ட்ஸ் கவுன்ட்டருக்குப் பக்கத்தில், மூலையில், இரண்டு மூன்று பழைய திரைகளாக இருக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், போய் உட்கார்ந்து தேடலாம். பார்ப்பதற்குக் காசில்லை, அச்செடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். முதலில் டாக்கெட் முழுவதையும் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். 'ஜட்ஜ்மென்ட்' என்று எழுதியிருக்கும் வரியின் தேதியையும் பக்க எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போங்கள். "மொத்த ஃபைலும் வேண்டும்" என்று கேட்டால் முந்நூறு பக்கத்துக்கும் பில் போட்டுவிடுவார்கள். உங்களுக்குத் தேவை அநேகமாக நான்கே பக்கம்.

நியூயார்க் விவாகரத்து ஃபைல் இதற்கெல்லாம் விதிவிலக்கு. அதைக் கணவன், மனைவி, அவர்களின் வக்கீல்கள் தவிர யாருக்கும் காட்டமாட்டார்கள். 100 வருடத்துக்கு அந்தப் பூட்டு. நண்பருக்காக நீங்கள் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தொல்லை: முன்பு தெரிந்த வழக்கு இப்போது காணவில்லை

டாக்கெட்டில் கடைசியாக நீங்கள் பார்த்த வரியை நினைவுபடுத்துங்கள். 'ரிமூவ்டு' என்று இருந்ததா? பிரதிவாதி வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார் என்று அர்த்தம். இரு தரப்பும் வேறு வேறு மாநிலம், தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் இது சகஜம். இப்போதுதான் உங்களுக்குப் பேசர் தேவை. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் பில்லே வராது. 'டிரான்ஸ்ஃபர்டு' என்றால் வேறு கவுண்டிக்கு மாறிவிட்டது, புது எண்ணும் விழுந்திருக்கும். 'கன்சாலிடேட்டடு' என்றால் இன்னொரு வழக்கோடு சேர்த்துவிட்டார்கள், அந்த முதன்மை எண்ணில் தேடுங்கள்.

கலிஃபோர்னியாவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு என்றால் கதை வேறு. அந்த ஃபைல் ஆரம்பத்திலேயே மூடித்தான் இருக்கும். 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயிக்காவிட்டால் பொதுமக்கள் கண்ணில் படாமலே போய்விடும். குடித்தனக்காரருக்கு அது நல்லது. நீங்கள் வழக்கின் ஒரு தரப்பு என்றால் அடையாள அட்டையோடு போய்க் கேட்டால் காட்டுவார்கள்.

தொல்லை: தபாலில் மனு அனுப்பினேன், பதில் இல்லை அல்லது திரும்பி வந்தது

தபால் திரும்பி வருவது அநேகமாகச் செக்கால்தான். பல ஆபீஸ்கள் தனிநபர் செக் வாங்குவதில்லை, மனி ஆர்டர் கேட்கும். தொகை தப்பாக இருந்தாலும் திருப்பிவிடுவார்கள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறுகிறது. ஃப்ளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிடுவதற்கு 2 டாலர். கலிஃபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றிடுவதற்கோ 40 டாலர். ஆனால் அதே கலிஃபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு 15 டாலர்தான். கேஸ் நம்பர் இல்லாமல் பெயரை மட்டும் எழுதி அனுப்பி, அவர்கள் தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் தேடுகூலி 15 டாலர் தனி. ஃப்ளோரிடாவில் தேட வேண்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் 2 டாலர். எண்ணை நீங்களே கண்டுபிடித்து எழுதினால் இந்தச் செலவு மிச்சம்.

பக்க எண்ணிக்கை தெரியாதபோது செக்கில் தொகையைக் காலியாக விட்டு, 'இவ்வளவு டாலரைத் தாண்டக் கூடாது' என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம். கலிஃபோர்னியக் கோர்ட்டுகள் பல இதை ஏற்கின்றன. உங்கள் முகவரி எழுதி, தபால் தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வையுங்கள். இதை மறந்தவர்களின் மனு மேஜை ஓரத்தில் குவிந்து கிடப்பதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அனுப்பும் முன் ஒரு போன் செய்துவிடுவது நல்லது. ஆனால் "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால் கிளார்க் உடனே "சட்ட ஆலோசனை தர முடியாது" என்று சொல்லிவிடுவார். அவர்களுக்கு அது விதி, கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படிக் கேளுங்கள்: "என்னிடம் கேஸ் நம்பர் இருக்கிறது. இந்த ஃபைல் உங்கள் ஆபீஸ் பொறுப்பில் இருக்கிறதா? கட்டடத்திலேயே இருக்கிறதா, வெளியே கிடங்கிலா? தீர்ப்பு எத்தனை பக்கம், சான்றிட்ட நகலுக்கு மொத்தம் எவ்வளவு?" இதற்கெல்லாம் பதில் சொல்வார்கள். எடுத்தவர் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தொல்லை: "ரொம்பப் பழைய கேஸ், இங்கே இல்லை" என்கிறார்கள்

கிடங்கு, மைக்ரோஃபிலிம், மாநில ஆவணக் காப்பகம் என்று மூன்று இடம் உண்டு, எதில் என்று கேட்டு வாங்குங்கள். கிடங்கு என்றால் வரவழைக்க நாளாகும், சில இடத்தில் அதற்கும் கட்டணம். நிஜமாகவே அழித்துவிட்டிருக்கவும் கூடும். கலிஃபோர்னியாவில் ஸ்மால் கிளெய்ம்ஸ் ஃபைலை 10 வருடம்தான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அழித்திருந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சியிருக்கும். அந்த வரியின் சான்றிட்ட நகலும், "தேடினோம், ஃபைல் இல்லை" என்று கிளார்க் கையெழுத்திட்ட கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட ஆபீஸில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம்.

தொல்லை: கோர்ட்டில் எதுவும் இல்லை, ஆனால் வீடு வாங்கும்போது "உங்கள் மேல் ஜட்ஜ்மென்ட் இருக்கிறது" என்கிறார்கள்

கிரெடிட் ரிப்போர்ட்டில் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறதே என்பீர்கள். மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 2017 ஜூலை முதல் சிவில் தீர்ப்புகளை ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டன. அதனால் அங்கே தெரியாது. வீட்டின் உரிமையில் வில்லங்கம் உண்டா என்று சோதிக்கும் டைட்டில் கம்பெனிக்காரர் பார்ப்பது வேறு இடம்: பத்திரங்கள் பதியும் கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ். ஜெயித்தவர் தீர்ப்பின் சுருக்கத்தைக் கோர்ட்டில் வாங்கி அங்கே பதிந்திருப்பார். கோர்ட் வேறொரு கவுண்டியில், பதிவு உங்கள் கவுண்டியில். நம்மூரில் கோர்ட் ஒரு பக்கம், சார்பதிவாளர் ஆபீஸ் ஒரு பக்கம் என்று இருப்பது மாதிரிதான். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிவது கோர்ட் தளத்தில் தெரியாது.

பதிவான காகிதத்தின் நகலை டைட்டில் கம்பெனியிடமே கேளுங்கள். அதில் எந்தக் கவுண்டி, எந்தக் கோர்ட், என்ன எண் என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு நேரே அந்தக் கிளார்க்கிடம் போகலாம். ஏற்கெனவே பணம் கட்டித் தீர்த்தாயிற்று என்றால், தீர்ந்தது என்ற காகிதம் கோர்ட்டில் தாக்கலானதா என்று டாக்கெட்டில் பாருங்கள். அதன் சான்றிட்ட நகலை ரெக்கார்டரிடமும் பதிய வேண்டும். இதில் ஒன்றைச் செய்து ஒன்றை விட்டவர்கள்தான் அதிகம். அது வேறு யாரோ ஒரு செந்தில்குமார் என்றால், பிறந்த தேதியும் முகவரியும் வேறு என்று காட்டிக் கையெழுத்திட்டுக் கொடுக்க டைட்டில் கம்பெனியிடமே ஒரு படிவம் இருக்கும்.

தொல்லை: நகல் கிடைத்தது, ஆனால் கேட்ட இடத்தில் ஏற்க மறுக்கிறார்கள்

கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். தளத்திலிருந்து அச்செடுத்தது வெறும் நகல். சான்றிட்ட நகலில் "இது அசலின் சரியான நகல்" என்ற வாசகம், கிளார்க் கையெழுத்து, தேதி, கோர்ட் முத்திரை நான்கும் இருக்கும். பல இடங்களில் முத்திரை தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் அழுத்த முத்திரையாக இருக்கும். அதற்கு மேலும் ஒரு படி உண்டு: நீதிபதியும் கிளார்க்கும் ஒருவருக்கொருவர் சான்றளிக்கும் 'எக்ஸெம்ப்ளிஃபைடு' நகல். வேற்று மாநிலக் கோர்ட் கேட்கக்கூடும். கலிஃபோர்னியாவில் அதற்கு 50 டாலர்.

டெக்சஸில் ஒரு குழப்பம் வரும். மாநிலச் சுகாதாரத் துறை விவாகரத்துக்கு ஒரு கடிதம் தரும், 1968 முதலான பதிவுகளுக்கு. இன்ன தேதியில் இன்ன கவுண்டியில் விவாகரத்து நடந்தது என்பதை மட்டும் அது உறுதிசெய்யும். தீர்ப்பு கேட்ட இடத்தில் அதை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் எந்தக் கவுண்டி என்றே மறந்துபோனவருக்கு அந்தக் கடிதம் தங்கம்.

ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் சான்றிட்ட நகலின் மேல் அப்போஸ்டில் வாங்க வேண்டியிருக்கும். வேறு நாட்டில் ஏற்பதற்காக ஆவணத்தோடு இணைக்கும் அரசுச் சான்று அது. அமெரிக்கா 1981 முதலும் இந்தியா 2005 முதலும் அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இருக்கின்றன. தீர்ப்பு எந்த மாநிலத்தில் வந்ததோ அந்த மாநிலம்தான் அப்போஸ்டில் தர முடியும். நீங்கள் இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கலாம். டெக்சஸ் தீர்ப்பு என்றால் ஆஸ்டினுக்குத்தான் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் மாநிலச் செயலர் அலுவலகம் தரும், நியூஜெர்சியில் கருவூலத் துறை.

இந்தியக் கோர்ட்டில் தாக்கல் செய்யவா? அங்கேயுள்ள வக்கீலிடம் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் நகலுக்கு மனுப் போடுங்கள். செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பு ஒன்று 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நகலில் டெபுடி கிளார்க்கின் சான்று முறையாகவே இருந்தது. ஆனால் அமெரிக்காவிலுள்ள இந்திய அரசின் பிரதிநிதி அதன் மேல் சான்றளிக்கவில்லை என்பதால் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். அன்று அது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 88-ஆம் பிரிவு. அப்போஸ்டில் போதுமா, தூதரகச் சான்றும் வேண்டுமா என்று வக்கீல் வாயால் கேட்டுக்கொண்டால் இரண்டு மாதம் மிச்சமாகும்.

கடைசியாக ஸ்டேப்ளர் பின். ஒருமுறை சான்றிட்ட நகல் ஒன்றை அழகாக ஸ்கேன் செய்யலாமே என்று பின்னைக் கழற்றி, ஸ்கேன் செய்து, மறுபடி அதே ஓட்டையில் குத்தி அப்போஸ்டிலுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. பக்கங்கள் பிரிக்கப்பட்டிருப்பதால் ஏற்க முடியாது என்று ஒரு துண்டுச் சீட்டு. மறுபடி கவுன்ட்டர், மறுபடி கட்டணம். ஸ்கேன் வேண்டுமென்றால் பின்னைத் தொடாமல் பக்கத்தை மடித்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே நகல் இரண்டாக வாங்குங்கள்.